நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையில் கொதிக்கும்: சடப்பொருளின் நிலைமாற்றங்களைச் செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நுவரெலியாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்த்தால் 94 பாகைக்குப் பக்கத்தில் நின்றுவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. பாடப்புத்தகத்தில் 100 என்று இருப்பதால் செய்முறைக் கொப்பியிலும் 100 என்று எழுதிவிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை விட வேண்டும். 100 என்பது கடல்மட்ட அமுக்கத்துக்குரிய எண். மலையில் வெப்பமானி காட்டும் எண்ணை அப்படியே எழுதி, அது ஏன் குறைந்தது என்று விளக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தப் பாடம் உண்மையில் விளங்கியிருக்கிறது.

இங்குள்ள பரிசோதனைகள் எல்லாவற்றையும் ஒரே கருத்து இணைக்கிறது. ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் வெப்பம் அதன் துணிக்கைகளின் (அது ஆன கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கூறுகளின்) வேகத்தைக் கூட்டலாம். அல்லது அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தலாம். வேகம் கூடும்போது வெப்பமானி ஏறும். பிடி தளரும்போது வெப்பமானி அசையாது. குளிர்விக்கும்போது இதே கதை பின்னோக்கி நடக்கும். (வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகையில்.)

படம் வரைவதற்கு முன்

திண்மத்தில் துணிக்கைகள் தம் இடத்திலேயே நின்று அதிரும். திரவத்திலும் அவை ஏறத்தாழ அதே நெருக்கத்தில்தான் இருக்கும், ஆனால் ஒன்றையொன்று தாண்டி நழுவிச் செல்லும். வாயுவில் பிடி விட்டுப்போய்த் தனித்தனியாகப் பறக்கும்.

கொப்பியில் அதிகம் பிழையாவது திரவத்தின் படம்தான். திண்மத்துக்கும் வாயுவுக்கும் நடுவே இருப்பதால் இடைவெளியும் நடுத்தரமாக இருக்கும் என்று நினைத்து, புள்ளிகளை அள்ளித் தெளித்தாற்போல் வரைந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் தண்ணீரை எளிதாக அமுக்கிச் சிறிதாக்கலாம், முடியாது. கடல்மட்டத்தில் தண்ணீர் கொதித்து நீராவியாகும்போது கனவளவு ஏறத்தாழ 1700 மடங்காகிறது. 1700 இன் கனமூலம் ஏறத்தாழ 12. எனவே நீராவியில் இரு துணிக்கைகளுக்கு இடைப்பட்ட தூரம் திரவத்தில் இருப்பதைப் போல் சுமார் 12 மடங்கு. திரவத்தில் துணிக்கைகளைத் தொட்டுக்கொள்ளும்படி வரையுங்கள். வாயுவுக்கு அதே அளவு பெட்டியில் ஓரிரு துணிக்கைகள் போதும்.

இன்னொன்று: சூடாக்கினால் துணிக்கை வீங்காது, உருகாது. இரும்புக் கம்பி நீள்வது துணிக்கைகள் கூடுதல் வேகத்தோடு அதிர்ந்து சற்று விலகுவதால்தான். துணிக்கையின் பருமனை எல்லாப் படங்களிலும் ஒரே அளவாகவே வையுங்கள்.

சேர்த்து வைக்க வேண்டியவை

−10 முதல் 110 பாகை வரை அளவிடும் பாடசாலை வெப்பமானி ஒன்று, முடிந்தால் இரண்டு. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். அது 42 பாகையோடு முடிந்துவிடும், கொதிநீரில் வைத்தால் உடையும். சிறிய அலுமினியப் பாத்திரம், அல்லது முக்காலியும் கம்பிவலையும் இருந்தால் 250 மில்லிலீற்றர் முகவை. மதுசார விளக்கு, அல்லது மிகச் சிறிய சுவாலையில் வைத்த காஸ் அடுப்பு. தேங்காய் எண்ணெய், கற்பூரம், ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச், பலூன், கண்ணாடிப் போத்தல், பழைய பருத்தித் துணி, மணிக்கூடு, வரைபுத்தாள்.

முதலில் வெப்பமானியைச் சரிபாருங்கள். நொறுக்கிய ஐஸை ஒரு குவளையில் நிரப்பி, அது நனைந்து குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, வெப்பமானியின் குமிழை நடுவில் புதைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். 0 காட்ட வேண்டும். சிவப்புத் திரவம் உள்ள மலிவான வெப்பமானிகள் ஒரு பாகை கூடவோ குறையவோ காட்டுவது வழமை. 1 காட்டினால் அந்த 1 ஐக் கொப்பியின் மேற்பகுதியில் குறித்து, பின்னர் எடுக்கும் வாசிப்புகளிலிருந்து கழியுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், கொதிநிலை 94 க்குப் பதில் 95 என்று வரும்போது அது மலையின் விளைவா வெப்பமானியின் பிழையா என்று பிரித்தறிய வழியிருக்காது.

ஐஸ் முதல் கொதிநீர் வரை

1. அளந்தெடுத்த 150 மில்லிலீற்றர் தண்ணீரை முதல்நாளே உறைய வையுங்கள். தராசு இல்லாமலே 150 கிராம் ஐஸ் கிடைத்துவிடும். கடையில் ஐஸ் பக்கற் வாங்கினால் சீனியும் நிறமும் சேராததாகப் பாருங்கள். கரைந்த பொருள் உருகுநிலையைக் குறைக்கும்.

2. ஐஸைத் துணியில் சுற்றிக் கடலை அளவுக்கு நொறுக்கிப் பாத்திரத்தில் போடுங்கள். பெரிய கட்டிகளாக விட்டால் அடியில் உருகிய நீர் சூடாகிக்கொண்டே போகும், மேலே ஐஸ் மிதந்துகொண்டிருக்கும், வெப்பமானி 5 அல்லது 6 காட்டும். "உருகும்போது வெப்பநிலை மாறாது என்றார்களே, மாறுகிறதே" என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

3. வெப்பமானியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். குமிழ் அடியிலிருந்து குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் மேலே, பக்கச் சுவரில் படாமல் இருக்கட்டும். அடியைத் தொட்டால் உலோகத்தின் வெப்பநிலையைத்தான் காட்டும்.

4. தீயை மூட்டுமுன் இரண்டு வாசிப்புகள் எடுங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே என்றால் 0 க்குக் கீழே இருக்கும். சில நிமிடம் தாமதித்திருந்தால் 0 க்கு வந்திருக்கும்.

5. மிகச் சிறிய சுவாலை வையுங்கள். பரிசோதனை முடியும்வரை அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒவ்வொரு நிமிடமும் ஒரே அளவு வெப்பம் போனால்தான் வரைபுக்குப் பொருள் உண்டு. சன்னலையும் சாத்துங்கள்.

6. மரக்குச்சியால் இடைவிடாமல் மெதுவாகக் கலக்குங்கள், வெப்பமானியால் கலக்க வேண்டாம். 30 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பு எடுங்கள். ஒருவர் கலக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுதினால் வேலை சீராக நடக்கும்.

7. கடைசி ஐஸ் துண்டு மறைந்த நேரத்தையும் முழுக் கொதி வந்த நேரத்தையும் தனியாகக் குறியுங்கள். கொதித்தபின் இன்னும் ஐந்து நிமிடம் வாசிப்பு எடுத்துவிட்டுத் தீயை அணையுங்கள். தண்ணீர் வற்றும்வரை போக வேண்டாம்.

வரைபில் நேரத்தைக் கிடை அச்சில் வையுங்கள். 0 இல் ஒரு தட்டையான பகுதி, பிறகு ஒரு சாய்வு, 94 இல் இன்னொரு தட்டை வரும். ஹட்டனில் செய்தால் இரண்டாவது தட்டை 96 க்கு அருகே இருக்கும்.

தட்டைகளின் நீளம் எங்கிருந்து வருகிறது? 0 பாகையில் உள்ள 1 கிராம் ஐஸை 0 பாகைத் தண்ணீராக்க 334 யூல் (யூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். அந்தத் தண்ணீரை 94 வரை ஏற்ற ஏறத்தாழ 393 யூல். அதைக் கொதித்து முழுவதும் நீராவியாக்க ஏறத்தாழ 2270 யூல். ஆக, ஐஸ் உருகப் பத்து நிமிடம் எடுத்தால், அதே தீயில் கொதிக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 12 நிமிடமும், முழுவதும் ஆவியாக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். உங்கள் சாய்வுப் பகுதி 12 நிமிடத்தைவிட நீண்டால் பயப்பட வேண்டாம். தண்ணீர் சூடேறச் சூடேறப் பாத்திரம் சுற்றியுள்ள குளிர்ந்த வளிக்குக் கூடுதல் வெப்பத்தை இழக்கிறது. மலைநாட்டில் அந்த இழப்பு சற்று அதிகம்தான்.

இந்த 2270 ஐப் பிள்ளைகள் மனதில் பதிக்க வேண்டும். துணிக்கைகளை ஒன்றையொன்று முற்றாக விட்டுப் பிரிக்கத் தேவையான சக்தி அது. அடுப்படியில் இதற்கு நேரடியான விளைவு உண்டு: 94 பாகைத் தண்ணீர் 1 கிராம் தோலில் பட்டு உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது 240 யூல் அளவே விடும். அதே அளவு நீராவி பட்டால் முதலில் ஒடுங்கி, அதாவது மீண்டும் தண்ணீராகி, அந்த 2270 ஐயும் சேர்த்து இறக்கும். ஏறத்தாழப் பத்து மடங்கு. அதனால்தான் பானை மூடியைத் திறக்கும்போது நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும்.

கொதிக்கும் கேத்தலின் மூக்கைப் பக்கவாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பாருங்கள். மூக்கின் வாயை ஒட்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்கு எதுவுமே தெரியாது. அதைத் தாண்டித்தான் வெண்புகை தொடங்கும். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி. வெண்மையாகத் தெரிவது குளிர்ந்து ஒடுங்கிய மிகச் சிறிய நீர்த்துளிகள். மலைச்சரிவில் ஏறும் மூடுபனியும் அதே வகைத் துளிகள்தான். அது வாயு என்று விடை எழுதினால் பிழை.

குமிழிகளிலும் கவனம் வேண்டும். 50 பாகை அளவில் பாத்திரச் சுவரில் ஒட்டும் சின்னக் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த வளி. அதன்பின் அடியில் தோன்றும் குமிழிகள் நீராவிதான் என்றாலும் மேலே வரும் வழியில் குளிர்ந்த நீரில் ஒடுங்கி மறையும். கேத்தல் இரைவது அவை ஒடுங்கும் சத்தத்தால். குமிழிகள் மேற்பரப்புவரை வந்து உடையும்போதுதான் கொதித்தல். வழுவழுப்பான கண்ணாடி முகவையில் கொதி திடீரென்று தூக்கிப்போடலாம். உடைந்த மண்சட்டியின் சிறு ஓட்டுத்துண்டு இரண்டை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

ஏன் 94?

தண்ணீருக்குள் ஒரு நீராவிக் குமிழி பிழைத்திருக்க வேண்டுமானால், உள்ளிருக்கும் ஆவியின் தள்ளுதல் வெளியே வளிமண்டலம் அமுக்கும் அளவுக்கு வர வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மேலே உள்ள வளியின் அளவு குறைவு. அமுக்கம் ஏறத்தாழ 810 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்தில் 1013. தள்ள வேண்டியது குறைந்ததால் துணிக்கைகளுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. 94 இலேயே குமிழி நிலைத்துவிடும்.

கணக்குக்கு, 300 மீற்றர் ஏற ஒரு பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கண்டியில் 98 க்கு மேல், பதுளையில் 98 க்குச் சற்றுக் கீழ், பண்டாரவளையில் ஏறத்தாழ 96, அப்புத்தளையில் 95 சொச்சம். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது என்பதால் சோறு சீக்கிரம் வேகாது. அரிசியும் பருப்பும் வேகும் வேகம் தண்ணீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. 94 க்கு மேல் போகாத தண்ணீரில் கடலை வேக நேரமெடுக்கும். தீயைக் கூட்டினால் தண்ணீர் விரைவாக வற்றுமே தவிரச் சூடு ஏறாது. உப்புப் போட்டாலும் பயனில்லை: ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கொதிநிலையை ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. பிரஷர் குக்கர்தான் வழி. வெளி அமுக்கத்துக்கு மேல் இன்னொரு வளிமண்டல அளவு அமுக்கத்தை உள்ளே தேக்கும் குக்கரில் நுவரெலியாவிலும் 117 பாகை வரை கிடைக்கும்.

பரீட்சையில் கொதிநிலை கேட்டால் "நியம வளிமண்டல அமுக்கத்தில் 100 பாகை" என்று அமுக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். செய்முறையில் கண்டது 94 என்றால் 94 என்றும், செய்த இடத்தையும் எழுதுங்கள். இரண்டும் சரி.

தேங்காய் எண்ணெய்: தூய பொருளுக்கும் கலவைக்கும் வித்தியாசம்

இதற்கு மலையகத்தைவிட நல்ல இடமில்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையை ஒட்டி உருகும். நுவரெலியாவில் போத்தலுக்குள் பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். 100 மில்லிலீற்றர் எண்ணெயை அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலில் எடுத்து, 40 பாகை வெந்நீரில் வைத்து முழுதும் தெளியவிடுங்கள். மட்டத்தைப் பேனையால் குறித்து, வெப்பமானியைத் தொங்கவிட்டு மேசையில் ஆறவையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு. பதுளைப் பக்கத்தில் பகலில் உறையாவிட்டால் ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்துங்கள்.

24 க்குக் கீழே இறங்கிய பின்னும் எண்ணெய் சிறிது நேரம் தெளிவாகவே இருக்கலாம். உறையத் தொடங்கியதும் வெப்பமானி இறங்கும் வேகம் குறையும், சிலவேளை சற்று ஏறவும் செய்யும். துணிக்கைகள் பிடித்துக்கொள்ளும்போது வெளிவிடும் வெப்பம் அது. ஆனால் ஐஸில் கண்ட நேரான தட்டை இங்கே வராது. தேங்காய் எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு வெப்பநிலையில் உறையும்.

முழுதும் உறைந்தபின் மேற்பரப்பைப் பாருங்கள். ஓரம் சுவரில் ஒட்டியபடி முதல் குறியருகே நிற்க, நடுப்பகுதி குழிந்து இறங்கியிருக்கும். உறையும்போது துணிக்கைகள் நெருங்கியதால் கனவளவு சுருங்கியது. தண்ணீர் இதற்கு நேர்மாறு. பிளாஸ்ரிக் போத்தலில் 100 மில்லிலீற்றர் குறித்து உறைய வைத்தால் 109 அளவுக்கு வரும். ஐஸில் நீர்த்துணிக்கைகள் இடையில் வெற்றிடம் விட்டு அடுக்கப்படுவதால்தான் அது மிதக்கிறது. உறைந்த எண்ணெயை உருகிய எண்ணெயில் போட்டால் மூழ்கும். தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி உறைய வைக்காதீர்கள், வெடிக்கும்.

வாயு: வெப்பமா, உயரமா?

சிரிஞ்சில் 10 மில்லிலீற்றர் வளியை இழுத்து நுனியை விரலால் அடைத்து அழுத்துங்கள்; பாதி அளவுக்கு இறங்கும். தண்ணீரை நிரப்பி அழுத்தினால் அசையாது. முதலில் சொன்ன இடைவெளிக் கதைக்குச் சான்று இதுவே.

அடுத்து, 500 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலின் வாயில் ஒருமுறை ஊதித் தளர்த்திய பலூனை மாட்டி, 60 பாகைத் தண்ணீரில் நிறுத்துங்கள். அதைவிடச் சூடான தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த கண்ணாடி விரிந்து உடையலாம். அறை 15 பாகை என்றால் வளி 288 கெல்வினிலிருந்து (செல்சியஸ் பாகையோடு 273 ஐக் கூட்டினால் கெல்வின்) 333 க்குப் போகிறது. கனவளவு ஆறில் ஒரு பங்களவு, அதாவது 75 மில்லிலீற்றர் சொச்சம் கூடும். பலூன் நிமிர்ந்து நிற்கும், பெரிதாக ஊதாது. "சூடான வளி மேலே போனதால்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். போத்தலைப் பக்கவாட்டில் சரித்து அதே தண்ணீரில் அமிழ்த்துங்கள். அப்போதும் பலூன் நிரம்பியே இருக்கும். துணிக்கைகள் எல்லாத் திசைகளிலும் வேகமாக மோதுகின்றன.

கொழும்பில் அடைத்த மிக்சர் பக்கற் நுவரெலியாவுக்கு வரும்போது உப்பிவிடுகிறதே, அதை இந்தப் பாடத்தில் இழுத்தால் கவனமாக இழுக்க வேண்டும். 30 பாகையிலிருந்து 16 க்கு வந்ததால் உள்ளே உள்ள வளி 5 வீதம் அளவு சுருங்க வேண்டும். வெளி அமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததால் 25 வீதம் அளவு விரிய வேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுக்க, அமுக்கம் வெல்கிறது. நுவரெலியாவில் மூடிய வெறும் பிளாஸ்ரிக் போத்தல் கீழே இறங்க நசுங்குவதும் இதே காரணத்தால்.

கொதிக்காமலே ஆவியாதல்

இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழை அறை வெப்பநிலைத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் சுற்றி, இரண்டையும் ஐந்து நிமிடம் விசிறுங்கள். ஈரமானது இறங்கும். எல்லாத் துணிக்கைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் உள்ள வேகமானவை தப்பிப் போக, மிஞ்சியவற்றின் சராசரி வேகம் குறைகிறது. மூடுபனி கவிந்த நாளில் செய்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டும். வளியில் ஏற்கனவே நீராவி நிறைந்திருப்பதால் வெளியேறும் அளவுக்குத் துணிக்கைகள் திரும்பி வந்து சேர்கின்றன. பரிசோதனை பிழையாகவில்லை, அதையும் பதியுங்கள். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும்போது செய்தால் வித்தியாசம் பல பாகைகள் வரும்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவது இதே வேலைதான். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முடிந்த தூளில் 3 வீதம் அளவே இருக்கும். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து போகிறது என்றால், மூன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. அதற்கு மட்டும் 80 இலட்சம் யூலுக்கு மேல் சக்தி வேண்டும். முடிந்த அளவு நீரை வாட்டும் தட்டிலேயே விசிறியின் காற்றால் போக்கிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் அடுப்பை எரிப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கற்பூரமும் உறைபனியும்

கற்பூரத்தை நெருப்பில் காட்ட வேண்டாம், உடனே பற்றிக்கொள்ளும். விழுங்கினால் நஞ்சு, சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சிறு வில்லை ஒன்றைப் பொடித்து உலர்ந்த கண்ணாடிக் குவளையில் போட்டு, வாயைச் சின்னத் தட்டால் மூடி, தட்டின் மேல் ஐஸ் வையுங்கள். குவளையை 60, 70 பாகைத் தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். கற்பூரம் உருகாமலே குறையும். தட்டின் அடியில் வெண்ணிறப் பளிங்குகள் படியும். எதுவும் படியாவிட்டால் பெரும்பாலும் தட்டு போதிய அளவு குளிரவில்லை, அல்லது மூடி இடைவெளி விட்டிருக்கிறது.

தட்டின் அடியில் நடந்ததே தை, மாசி மாத அதிகாலைகளில் நுவரெலியாப் புல்வெளியிலும் நடக்கிறது. நீராவி தண்ணீராகாமல் நேரே பளிங்காகிறது. அதை அளக்க, ஒரு வெப்பமானியைப் புல்லின் மேலும் மற்றதை ஆள் உயரத்திலும் மாலையிலேயே வைத்துவிட்டு, சூரியன் எழுமுன் இரண்டையும் வாசியுங்கள். மேலே 3 அல்லது 4 பாகை இருக்கும்போதே புல்லில் 0 க்குக் கீழே காட்டலாம். தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது, காற்று அசையாததால் மேலேயுள்ள வெப்பம் கீழே கலப்பதில்லை. முகில் மூடிய இரவிலோ காற்று வீசும் இரவிலோ இரண்டு வாசிப்புகளும் நெருங்கி வரும். அந்த இரவுகளின் கணக்கையும் சேர்த்து எழுதினால்தான் உறைபனி எப்போது வரும் என்று தோட்டத்தில் முன்கூட்டிச் சொல்ல முடியும்.